அம்மா கேட்காத மலை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த மேல்மாடி வீட்டுக்கு மரப்படிகள். யார் ஏறி வந்தாலும் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். அன்றைக்கு மதியம் ஏறி வந்தது எனக்குத் தெரியாத காலடி. கனத்த சப்பாத்து. பாதிப் படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறியது.

நான் குசினியில் கீரை கடைந்துகொண்டிருந்தேன். வாசற்கதவு திறந்திருந்தது.

"அம்மா!" என்று ஒரு குரல்.

உரத்த குரல். அம்மாவுக்குக் காது மந்தம் என்று தெரிந்த ஒருவன் கூப்பிடுகிற மாதிரி.

கையைத் துடைத்துக்கொண்டு நான் முன்னறைக்கு வருவதற்குள் அவன் சுவரைப் பார்த்துவிட்டான். அம்மாவின் படம். கண்ணாடிக்கு மேல் சந்தனப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை, கீழே சிவப்பு மின்குமிழ். அந்தக் குமிழ் இருந்தால் ஒருவரும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

என் தம்பி குகன். ஏழு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். தலைமயிர் முன்பக்கம் கொட்டியிருந்தது. ஒரு கையில் பயணப்பை, மறு கையில் மடித்த கம்பளிச் சால்வை. சால்வையைப் பெட்டிக்குள் வைக்காமல் சுவிசிலிருந்து கையிலேயே கொண்டுவந்திருக்கிறான்.

"எப்ப?" என்றான்.

"பதினொரு மாசம்."

அவன் சால்வையைக் கதிரையில் வைத்தான். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், கணக்கு விளங்காத ஒருவன் கேட்பதுபோலக் கேட்டான்.

"போன மாசமும் அம்மா கடுதாசி போட்டவ."

ஒரு வாசகரின் கேள்வி

இந்தத் தொடரை இத்தனை வாரமாக வாசித்துவரும் தெகிவளை வாசகர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். 'உங்கள் பள்ளிக்கூடம், உங்கள் மாணவர்கள், உங்கள் அம்மா எல்லோரும் வந்துவிட்டார்கள். உங்களுக்கு ஒரு தம்பி உண்டு என்று கேள்விப்பட்டேன். அவர் ஏன் வரவில்லை?'

நியாயமான கேள்வி. தம்பியை எழுதினால் இதை எழுதாமல் இருக்க முடியாது. அதனால்தான் அவன் வரவில்லை.

குகன் எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன். நான் புவியியல் ஆசிரியர். அவன் என் வகுப்பிலேயே இருந்து புவியியலில் தவறியவன். உலகப் படத்தில் அல்ப்ஸ் மலைத்தொடரைக் குறிக்கச் சொன்னால் தென்னமெரிக்காவில் குறித்துவிட்டு, "மலைதானே சேர், எங்க இருந்தால் என்ன?" என்று கேட்டவன். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரை விட்டுக் கொழும்புக்கு வந்த பிறகு அவன் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் மூன்று மாதம் இருந்து, ஏஜென்சி மூலமாகச் சுவிசுக்குப் போனான். புறப்படும் நாளில் அம்மாவிடம் ஆசீர்வாதம் வாங்க வந்தவனிடம் நான் சொன்ன வார்த்தை இது:

"போ. வெள்ளைக்காரன்ர கோப்பை கழுவு. அதுக்குத்தான் உன்னைப் படிப்பிச்சனாங்கள்."

"சரி அண்ணா," என்றான். அவ்வளவுதான். அதன் பிறகு அவன் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியதெல்லாம் அம்மாவுக்கு.

நீஸன்

நான் சொன்னது பலித்தது. அவன் கோப்பைதான் கழுவினான். ஆனால் எங்கே கழுவினான் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு மலையின் உச்சியில்.

சுவிசின் பேர்ன் மாநிலத்தில் தூன் என்ற ஏரி இருக்கிறது. அதன் கரையோரத்து ஊர்களிலிருந்து தெற்கே பார்த்தால், குழந்தை கீறிய மலைபோலச் சரியான முக்கோணமாக ஒரு மலை தெரியும். பெயர் நீஸன். அடிவாரத்தில் காண்டர் ஆறு. அங்கேயிருந்து உச்சிவரை கயிற்றில் இழுக்கும் ரயில் போகிறது. நடுவில் ஓரிடத்தில் இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டும். உச்சியில் ஓர் உணவுச்சாலை. அதன் குசினியில் என் தம்பி.

அம்மாவுக்கு அவனுடைய முதல் கடிதத்தை வாசித்துக் காட்டியது நினைவிருக்கிறது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம். காதும் சரியில்லாததால் தொலைபேசி உதவாது. கடிதம் வந்தால் நான் அவவின் காதருகே இருந்து கத்தி வாசிப்பேன். கீழ்வீட்டுக்காரருக்கும் எங்கள் வீட்டுச் செய்தி முழுவதும் தெரியும்.

"மலைக்கு என்ன பேர் எண்டவன்?"

"நீஸன்."

"நீசனோ? கடவுளே. ஒரு மலைக்குப் போய் அப்பிடிப் பேர் வைப்பினமோ? மாத்தச் சொல்லி எழுது."

"அது அவையின்ர பாசையம்மா."

"எந்தப் பாசையெண்டாலும் பேர் வைக்கேக்க யோசிக்க வேணும்."

எனக்கு அந்தக் கடிதம் வேறு மாதிரிப் பட்டது. இருபது வருடமாக அல்ப்ஸ் மலைகளைக் கரும்பலகையில் வெள்ளைச் சோக்கால் கீறியவன் நான். மடிப்பு மலை, பனியாற்றுப் பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்குக் காற்று எல்லாம் எனக்கு மனப்பாடம். இலங்கையை விட்டு ஓரடி வெளியே வைத்ததில்லை. ஏறிய பெரிய மலை சிவனொளிபாதமலை. அதுவும் மாணவர்களைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனபோது. தேசப்படத்தை எடுத்துப் பார்த்தேன். நீஸன் நம்முடைய மலையைவிட நூற்றுச்சொச்சம் மீற்றர்தான் உயரம். வடிவம் ஏறக்குறைய அதேதான். ரயில் பாதையோரமாகப் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இருப்பதாகத் தம்பி எழுதியிருந்தான். படிக்கட்டிலும் அது நம்முடையதை வென்றுவிட்டது.

அல்ப்சைத் தென்னமெரிக்காவில் வைத்தவன் தினமும் காலையில் அதன் தலைமேல் ஏறி நிற்கிறான். கேட்டு அறிய வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. ஆனால் கோப்பை கழுவு என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது?

ஏரோகிராமின் மிச்ச இடம்

ஏரோகிராம் தெரியாத இளம் வாசகர்களுக்காக: நீல நிறத்தில், கடிதமும் உறையும் ஒன்றாக, மடித்து ஒட்டி அனுப்புகிற தாள். நிறைய எழுத இடம் உண்டு.

அம்மாவிடம் எழுதுவதற்கு அதிகம் இருக்கவில்லை. நான் பேனாவுடன் உட்காருவேன்.

"சொல்லுங்கோம்மா."

"நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு."

"எழுதியாச்சு."

"குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போகச் சொல்லு. அவனுக்குச் சின்னனிலயே தடிமன் பிடிச்சுத் தும்மல்தான்."

"பிறகு?"

"பிறகென்ன? அதுதான். முருகன் துணை எண்டு போடு."

இரண்டு வரி. ஒவ்வொரு முறையும் அதே இரண்டு வரி. தாளில் முக்கால்வாசி வெறுமையாகக் கிடக்கும். அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பெற்ற தாய் இரண்டு வரியோடு நிறுத்திவிட்டாள் என்று பிள்ளை நினைக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அம்மாவின் பெயரில் நாலு வரி சேர்த்தேன். வீட்டுச் செய்தி, மழை, கோயில் திருவிழா.

அடுத்த முறை ஒரு கேள்வி சேர்த்தேன். 'மலையில் எந்தப் பக்கத்துப் பனி முதலில் கரைகிறது, மகன்?'

பதில் வந்தது. இரண்டு பக்கம்.

அதோடு நான் கெட்டேன். காற்று எந்த நேரத்தில் திசை மாறுகிறது? மரங்கள் எந்த உயரத்தில் நின்றுபோகின்றன? மேகம் உச்சியில் தொப்பிபோல இருக்கிற நாளில் கீழே மழையா, வெயிலா? குளிர்காலத்தில் ரயில் நின்ற பிறகு மேலே யார் இருக்கிறார்கள்? எல்லாம் அம்மா கேட்பதாக. 'மகன்' என்று தொடங்கி 'முருகன் துணை' என்று முடியும். நடுவில் ஒரு புவியியல் வாத்தியார்.

அவன் ஒவ்வொன்றுக்கும் போய்ப் பார்த்துவிட்டுப் பதில் எழுதினான். மலையாடு ஒன்று குசினிக் கழிவுத் தொட்டிக்கு அருகே வந்து நின்றதை எழுதினான். மூடுபனி கீழே பரவி, மலை உச்சி மட்டும் தீவுபோல மிதந்த காலையை எழுதினான்.

அவற்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேனா? இல்லை. வாசித்தால், "நான் எப்ப இதுகளைக் கேட்டனான்?" என்று கேட்பா. ஆகவே சுகநலனை மட்டும் வாசித்துவிட்டு மலையை விட்டுவிடுவேன். ஒருநாள் அம்மா தாள்களை வாங்கி விரலால் எண்ணிப் பார்த்தா.

"நாலு தாள் எழுதியிருக்கிறான். நீ ரெண்டு வசனம்தான் வாசிக்கிறாய்?"

"அவன்ர எழுத்துப் பெரிசம்மா."

"ஓம், அவன் பெரிசாத்தான் எழுதுவான்," என்று திருப்திப்பட்டுக்கொண்டா. அந்த மலை அம்மாவுக்குத் தெரியாமலே அவவின் தலைக்கு மேலாக வந்து போய்க்கொண்டிருந்தது.

நிழல் எங்கே விழுகிறது

ஒரு கடிதத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிவனொளிபாதமலையில் விடியும்போது அதன் நிழல் முக்கோணமாக மேற்கே விழுவதை மாணவர்களுடன் பார்த்திருக்கிறேன். அதை நினைத்து எழுதினேன்: 'மகன், மலை கூராக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் அதன் நிழலும் கூராகத்தானே இருக்கும். பின்னேரத்தில் அது எங்கே போய் விழுகிறது? வேலை முடிந்த பிறகு ஒருநாள் நின்று பார்த்து எனக்கு எழுது. நான் இங்கே இருந்து அதை நினைத்துப் பார்ப்பேன்.'

பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம்.

'அம்மா, நீங்கள் கேட்டபடியால் கடைசி வண்டிக்கு முன் வெளியில் வந்து நின்றேன். நாலு வருடமாக இங்கே ஏறி இறங்குகிறேன். ஒரு நாளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. தொட்டியைப் பார்ப்பேன், கோப்பையைப் பார்ப்பேன், மணிக்கூட்டைப் பார்ப்பேன். நேற்றுப் பார்த்தேன். நிழல் முதலில் மலையடியில் கறுப்பாகக் கிடந்தது. பிறகு மெல்ல எழும்பி நடப்பதுபோல நீண்டு, எதிர்ச்சரிவில் உள்ள ஊரின் கூரைகளைத் தாண்டி, ஏரித் தண்ணீரில் முனையை வைத்தது. அந்த நேரம் எனக்கு இந்த நாடு பயமாக இருக்கவில்லை. என்னோடு வேலை செய்கிறவன் என்ன பார்க்கிறாய் என்று கேட்டான். அம்மா கேட்டவ, அதுதான் பார்க்கிறன் என்று சொன்னேன்.'

அதை வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் மொட்டைமாடியில் போய் நின்றேன். அம்மா உள்ளேயிருந்து, "சின்னவன் சாப்பிடுறானாமோ?" என்று கேட்டா. "ஓம்" என்று கத்தினேன்.

இளைய மகனின் கடமை

அந்த ஆடி மாதத்தில் அம்மா போய்விட்டா. காய்ச்சல் என்று படுத்து நாலாம் நாள்.

குகனின் அகதி விண்ணப்பத்துக்கு விசாரணை வைத்திருந்தது அதிலிருந்து இரண்டாவது கிழமை. செத்தவீட்டில் கூடியிருந்த சொந்தக்காரர் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். "இப்ப சொல்லாதேங்கோ. பொடியன் குழம்பி, விசாரணையில மாறிக்கீறிச் சொன்னால் கேஸ் பழுதாப் போயிடும்." வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சாவைச் சொல்லாமல் வைத்திருப்பது அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் கூடிச் செய்த வேலை. யாருக்கும் அது பொய்யாகப் படவில்லை. சுவிசில் இருந்த ஒன்றிரண்டு ஊர்க்காரருக்கும் வாயைக் கட்டச் சொல்லி அறிவித்தாயிற்று.

எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைக்க வேண்டும். ஐயர் கேட்டார்: "இளையவர் எங்க?"

"வெளியில," என்றார் மாமா.

"அப்ப மூத்தவர் வாங்கோ."

நான் போனேன். தம்பியின் கடமையை நான் எடுத்தது அதுதான். அதுகூடப் பரவாயில்லை, வேறு வழி இருக்கவில்லை.

விசாரணை முடிந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை அன்று மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். "இனிச் சொல்லலாம்தானே. அவன் வராட்டிலும் அங்க தலைமயிர் இறக்கிக் குளிச்சு ஒரு பிடி சோறு வைப்பான்."

"முடிவு வரட்டும் மாமா," என்றேன். "நான் பார்த்துச் சொல்லுறன்."

இந்த வார்த்தையைத்தான் நான் இன்று எழுத உட்கார்ந்தேன். மாமாவிடம் அதைச் சொல்லும்போது என் சட்டைப்பையில் குகனிடமிருந்து முந்திய நாள் வந்த கடிதம் இருந்தது. முதல் பனி விழுந்தால் எழுதுகிறேன் என்று முடித்திருந்தான். அம்மா இல்லை என்று தெரிந்தால் அவன் யாருக்கு எழுதுவான்? எனக்கு எழுத மாட்டான். எனக்குக் கல்யாணம் பேசிப் பேசி நின்றுபோயிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த வீட்டில் என்னோடு கதைக்க ஒருவரும் இல்லை. அந்தக் கடிதங்கள் நின்றுவிடும் என்ற பயம்தான் எனக்கு இருந்தது. கேஸ் அல்ல.

எங்கள் பகுதித் தபால்காரர் ஒரு சிங்களவர். செத்தவீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துப் போனவர். அடுத்த கடிதம் வந்த அன்று படிக்குக் கீழேயே நின்று தயங்கினார்.

"மாத்தயா, அம்மாட பேருக்குத்தான் வந்திருக்கு. அம்மா இல்லத்தானே. திருப்பி அனுப்பணுமா?"

அவர் ஒரு முத்திரையைக் குத்தித் திருப்பியிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும்.

"வேணாம், தாங்க," என்று கையை நீட்டினேன்.

அன்று தொடங்கி அம்மாவின் அந்த இரண்டு வரியையும் நானே எழுதினேன்.

அவன் காலில் விழுந்தான்

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன். குகன் நின்றுகொண்டிருக்கிறான். அவனுக்கு வதிவிட அனுமதி கிடைத்து இரண்டு கிழமைதான். அம்மாவைத் திகைக்க வைப்பதற்காகச் சொல்லாமல் புறப்பட்டு வந்திருக்கிறான்.

"போன மாசமும் அம்மா கடுதாசி போட்டவ," என்கிறான்.

"நான்தான் எழுதினது. கேஸ் முடியட்டும் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவன் மெல்லக் குனிந்து என் காலைத் தொட்டான்.

"என்ர கேசுக்காக நீங்கள் இதைத் தனியச் சுமந்திருக்கிறியள். நான் உங்களைப் பிழையா நினைச்சுக்கொண்டு இருந்திட்டன் அண்ணா."

"எழும்படா," என்றேன்.

 மிச்சத்தையும் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு அமைந்திருக்காது. கீரை அடிப்பிடித்த மணம் வந்தது. குசினிக்குள் போய் அடுப்பை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றேன்.

மறுநாள் வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்துக்கு அப்பால், தலையை மழித்துக்கொண்டு கடலில் இறங்கினான். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல ரயில் ஒன்று போனது. அவர் அது போகும்வரை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். திரும்பி நடக்கும்போது குகன் கேட்டான்.

"கொள்ளி ஆர் வைச்சது?"

"நான்."

"சரி. ஆராவது வைக்கத்தானே வேணும்."

சுவிசுக்குத் திரும்பிப் போனதும் எனக்கு ஒரு பொதி அனுப்பினான். அம்மா இறந்த பிறகு நான் எழுதிய அத்தனை ஏரோகிராமும் உள்ளே இருந்தன. கூடவே ஒரு துண்டு: 'இவை நீங்கள் எழுதியவை. அம்மாவுடையதை நான் வைத்திருக்கிறேன்.' இறந்த திகதியில் ஒரு கோடு போட்டு, அதற்கு அந்தப் பக்கம் எல்லாம் அம்மா, இந்தப் பக்கம் எல்லாம் அண்ணா என்று பிரித்திருந்தான்.

அவன் போட்ட கோடு பிழை என்று எனக்கு மட்டும் தெரியும்.

"அது இருக்குது அண்ணா"

முப்பது வருடத்துக்கு மேலாயிற்று. அவன் கோபிக்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் போன் எடுப்பான். கல்யாணம் செய்தான், ஒரு மகள் பிறந்தாள், மனைவியை இழந்தான். எல்லாம் சொன்னான். மலையை மட்டும் சொல்லவில்லை.

"மலை எப்பிடியடா?" என்று நான் கேட்பேன்.

"அது இருக்குது அண்ணா. அங்க வெயிலோ?"

அம்மாவுக்கு எழுதிய மலை அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

இப்போது நான் வெள்ளவத்தையில், கடலுக்குப் போகும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். மத்தியானத்துக்குச் சோற்றுப் பார்சல். பக்கத்து வீட்டுக்காரரை லிப்டில் மட்டும் காண்பேன். குகனின் மகள் ஆரணி போன வருடம் எனக்கொரு வழி காட்டித் தந்தாள். நீஸன் உச்சியில் கமரா ஒன்று பூட்டியிருக்கிறார்களாம். போனில் அழுத்தினால் அந்த நேரத்து மலை தெரியும். எனக்குப் பதினொரு மணியாகும்போது அங்கே விடிந்து கொஞ்ச நேரம். தினமும் பார்க்கிறேன். மேகம், ஏரி, எதிரே பனிமலைகள், வெறும் கதிரைகள். நான் ஒரு காலத்தில் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது. பார்த்து முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்சலை அவிழ்ப்பேன்.

ஆரணி வாசித்த கடிதம்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணி எடுத்தாள். குகனுக்கு இருதயத்தில் இரண்டாவது தடவையும் வெட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்துவிட்டான், ஆனால் வைத்தியர்கள் அதிகம் நம்பிக்கை கொடுக்கவில்லை.

"பெரியப்பா, அப்பா ஒரு லிஸ்ட் எழுதி வச்சிருக்கிறார். தான் போனால் என்ன என்ன செய்யோணும் எண்டு. எனக்குக் கோவம்தான் வருது. ஆனா ஒரு விசயம் வடிவா இருக்கு. அப்பம்மான்ர ஒரு கடிதம் இருக்காம். அதைத் தன்னோட வைச்சு எரிக்கட்டாம்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எந்தக் கடிதம் பிள்ளை?"

"நிழல் கடிதம். அதைப் படிச்ச பிறகுதான் தனக்கு இந்த ஊர் பிடிச்சது எண்டு அப்பா எனக்குச் சின்னனிலயே சொல்லுவார். ஒரு சொல்லு மடிப்பில அழிஞ்சு போச்சு. நான் வாசிக்கிறன், உங்களுக்கு விளங்குதோ பாருங்கோ." அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "நான் இங்கே இருந்து அதை... அதை..."

"நினைத்துப் பார்ப்பேன்," என்றேன்.

"எப்பிடிப் பெரியப்பா உங்களுக்கு இவ்வளவு ஞாபகம்?"

"அம்மாவுக்கு நான்தானே எழுதிக் குடுத்தது," என்றேன். இது பொய்யில்லை. பொய்யில்லாமலே ஏமாற்றும் பழக்கம் எனக்கு அந்த நாளிலிருந்தே உண்டு.

தொலைபேசியில்

மூன்று நாள் யோசித்தேன். சாகப்போகிறவனிடம் சொல்லி என்ன பயன் என்று ஒரு மனம். சொல்லாவிட்டால் அவன் தாயென்று நினைத்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எரிவான் என்று மற்ற மனம். நாலாம் நாள் மத்தியானம் எடுத்தேன். அங்கே காலை. அவன் சன்னலடியில் இருந்தான்.

"குகன், அந்த நிழல் கடுதாசி."

"ஆரணி சொல்லிப்போட்டாளோ? அவளுக்கு வாய் கிடவாது," என்று சிரித்தான். சிரிப்பில் மூச்சு இளைத்தது.

"அது அம்மா சொன்னதில்லை."

"திகதி இருக்கண்ணா. அம்மா இருக்கேக்க எழுதினது."

"இருக்கேக்கதான். நான் கேட்டது. நிழல், பனி, காத்து, எல்லாம் நான். அம்மா கேக்கேல்ல. உன்ர பதிலை அம்மாவுக்கு நான் வாசிச்சும் காட்டேல்ல."

 நான் நிறுத்தினால் பிறகு தொடங்க மாட்டேன் என்று தெரிந்ததால் மிச்சத்தையும் சொன்னேன்.

"சாவை மறைச்சதும் கேசுக்காக இல்லை. கேசுக்காகத் தொடங்கினது. அந்தியேட்டிக்கே மாமா சொல்லச் சொன்னவர். உன்ர கடுதாசி நிண்டுபோயிடும் எண்டு நான்தான் விடேல்ல."

அங்கே எங்கேயோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவன் கேட்டான்.

"அப்ப அம்மா என்னதான் சொன்னவ?"

"நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னவ. தலையை மூடிக்கொண்டு போகச் சொன்னவ."

"ஒவ்வொரு முறையுமோ?"

"ஒவ்வொரு முறையும்."

"மேல இருக்கிற ரெண்டு வரி."

"ஓம்."

"அதை நான் வாசிக்கிறதேயில்லை அண்ணா," என்றான். "எல்லாக் கடுதாசியிலயும் ஒண்டுதானே எண்டு தாண்டிப் போயிடுவன்."

 அதோடு, "வைக்கிறன்," என்றான். வைத்தான்.

பிறகு வந்த ஆறு கிழமையில் அவன் எடுக்கவில்லை. நான் எடுத்தால் மணி அடித்து ஓய்கிறது.

போன சனிக்கிழமை ஆரணி எடுத்தாள். அவளிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவளது குரலிலேயே தெரிந்தது.

"அப்பா கடிதங்களையெல்லாம் எடுத்து மேசையில பரப்பி வச்சிருக்கிறார். என்னைத் தொட விடுறாரில்லை. லிஸ்ட்டில நிழல் கடிதம் எண்டு எழுதியிருந்ததை வெட்டிப்போட்டார். வேற ஒண்டும் எழுதேல்ல. ஏன் பெரியப்பா? உங்களுக்குத் தெரியுமோ?"

சத்தம் விட்டு விட்டு வருகிறது, பிள்ளை, பிறகு எடுக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நன்றாகத்தான் கேட்டது.